தூங்க மறுத்த ஹாக்கின்டாஷ்

ஆப்பிள் தயாரிக்காத கணினி ஒன்றில் ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை நிறுவுவது இப்போது பெரிய வித்தை இல்லை. அப்படிக் கட்டிய கணினியைத்தான் ஹாக்கின்டாஷ் என்கிறார்கள். பாகங்களைப் பார்த்து வாங்கி, வழிகாட்டியை வரி விடாமல் படித்தால் ஒரு வார இறுதியில் திரை வந்துவிடும். வந்தவுடன் ‘இந்த மேக்கைப் பற்றி’ என்ற பெட்டியைத் திறந்து, படம் பிடித்து, நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். தூங்கப் போட்டு எழுப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள்.

என்னைக் கேட்டால், ஒரு ஹாக்கின்டாஷின் தரத்தை அளக்க அந்த ஒரு கேள்வி போதும். கணினி துவங்கும்போது மேக்ஓஎஸ்ஸிடம் நாம் பல பொய்களைச் சொல்கிறோம். இது ஐமேக், இதற்குள் ஆப்பிளின் சில்லு இருக்கிறது, இந்தக் கடிகாரம் உனக்குத் தெரிந்த கடிகாரம்தான் என்றெல்லாம். விழித்திருக்கும் வரை அது அவற்றைப் பெரிதாகச் சோதிப்பதில்லை. தூங்கப் போகும்போது ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி அழைத்து அணையச் சொல்கிறது. எழும்போது மறுபடியும் ஒவ்வொன்றாக அழைக்கிறது. பொய் எங்கே இருக்கிறதோ அங்கே மாட்டிக்கொள்கிறோம்.

எனக்குத் தூக்கம் தேவைப்பட்டதற்கு வேலைதான் காரணம். குரல் பதிவுகளைத் தொகுப்பது என் தொழில். அதற்கு ஆப்பிளின் ஒலித் தொகுப்பு நிரலான லாஜிக் புரோ வேண்டும். ஐபேடை விட்டால் அது மேக்கில் மட்டுமே ஓடும். இரவு பத்துப் பன்னிரண்டு டிராக்குகளோடு ஒரு பதிவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, காலையில் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். எங்கள் பகுதியில் இரவில் மின்சாரம் போவதும் உண்டு. தூங்கும் கணினிக்குச் சில வாட் போதும், யுபிஎஸ் தாங்கிவிடும். விழித்தே கிடந்தால் அது அரை மணி நேரத்தில் கீச்சிடத் தொடங்கிவிடும்.

2005 ஜூனில், இனி இன்டெல் செயலிகளுக்கு மாறப்போவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. அன்றிலிருந்து மேக்குக்கும் கடையில் வாங்கிக் கோத்த கணினிக்கும் நடுவில் இருந்த சுவர் மிகவும் மெல்லியதாகிவிட்டது. மேக்ஓஎஸ்ஸுக்குள் ஒரு கெக்ஸ்ட் கோப்புக்கு (இயங்குதளத்தோடு ஒட்டி ஓடும், டிரைவர் போன்ற நிரல்) ‘மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஃபைண்டர், டாக் போன்ற முக்கியமான நிரல்கள் பூட்டியே வரும். மேக்கில் மின்சாரத்தையும் விசிறிகளையும் கவனிக்கும் எஸ்எம்சி சில்லிலிருந்து சாவியை வாங்கி அவற்றைத் திறப்பது அந்தக் கோப்பின் வேலை. ஹாக்கின்டாஷில் அந்தச் சில்லு போல நடிப்பதற்கு விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற சிறு நிரல் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது உரிம ஒப்பந்தம். இப்படிப்பட்ட கணினிகளைக் கட்டி விற்ற ஃபுளோரிடாவின் சைஸ்டார் நிறுவனத்தின்மீது ஆப்பிள் 2008இல் வழக்குத் தொடுத்தது. 2009இல் சைஸ்டார் தோற்றது. நான் எனக்காகக் கட்டிக்கொண்டேன். யாருக்கும் கட்டி விற்பதில்லை, கூலிக்குச் சரிசெய்வதும் இல்லை.

என் கேபினட்டுக்குள் இருப்பது இன்டெல் ஐ5-9600கே செயலி, இசட்390 மதர்போர்டு, ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. 2019இல் வந்த 27 அங்குல ஐமேக்கின் ஒரு மாடலில் இதே 9600கே செயலியும் ரேடியான் புரோ 580எக்ஸும் இருந்தன. அதனால் மேக்ஓஎஸ்ஸிடம் என் கணினியை ‘ஐமேக் 19,1’ என்று அறிமுகப்படுத்தினேன். கிட்டத்தட்ட உண்மைதானே?

கிட்டத்தட்ட என்பது இங்கே செல்லாது. ஐமேக் என்று பெயர் சொன்னால், ஐமேக்கில் இருக்கும் எல்லாமே இருக்கும் என்று மேக்ஓஎஸ் எடுத்துக்கொள்கிறது. உதாரணமாக, அந்த ஐமேக்கில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் செயலிக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸும் பின்னணியில் வேலை செய்யும். திரைக்குப் படம் அனுப்பாது. வீடியோவைப் பிரிப்பது, சுருக்குவது போன்ற வேலைகளைச் செய்யும். தனி கார்டு போட்டாயிற்றே என்று மதர்போர்டின் அமைப்பு மென்பொருளான பயாஸில் அதை அணைத்துவிட்டால் கணினி நன்றாகத்தான் துவங்கும். பிறகு ஒரு படத்தை முன்னோட்டம் பார்க்கும்போதோ ஹெச்இவிசி முறையில் சுருக்கிய வீடியோ ஒன்றைத் திறக்கும்போதோ திணறும். பார்ப்பவர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார். உள் கிராபிக்ஸே இல்லாத 9600கேஎஃப் போன்ற செயலி வைத்திருப்பவர்கள் ‘ஐமேக் புரோ’ என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அந்த மாடலின் ஜியான் செயலியில் உள் கிராபிக்ஸ் கிடையாது.

துவக்கத்தில் வரும் சிக்கல்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆப்பிள் சின்னத்தை மறைத்துவிட்டு வரிவரியாக எழுத்து ஓட வைக்கும் வெர்போஸ் முறைதான் முதல் கருவி. எழுத்து கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் ஓடும். கைபேசியில் ஸ்லோமோஷனில் படமெடுத்துப் பார்த்தால் படிக்கலாம். கடைசியாகத் தெரியும் வரியைத்தான் எல்லோரும் குற்றவாளி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த வரி தன் வேலையை முடித்துவிட்டதால்தான் திரையில் வந்திருக்கிறது. அடுத்து வரவேண்டியது எது, அது ஏன் வரவில்லை என்று தேட வேண்டும்.

‘எக்ஸிட்பிஎஸ்’ என்ற வரியோடு நின்றுபோவது புகழ்பெற்ற சிக்கல். மதர்போர்டின் மென்பொருளிடமிருந்து மேக்ஓஎஸ் பொறுப்பைக் கையில் வாங்கும் நொடி அது. பெரும்பாலும் நினைவகத்தின் எந்தப் பகுதி யாருக்கு என்பதில்தான் தகராறு வரும். ஹாக்கின்டாஷில் மேக்ஓஎஸ்ஸைத் துவக்கித் தரும் நிரலான ஓப்பன்கோரில் அதற்கென்று சில அமைப்புகள் இருக்கின்றன, இசட்390க்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. இதே தலைமுறை போர்டுகளில் பழைய ஆர்டிசி கடிகாரத்துக்குப் பதிலாக ஏவாக் என்ற புதிய கடிகாரத்தை வைத்தார்கள். மேக்ஓஎஸ்ஸுக்கு அதைத் தெரியாது. பழைய கடிகாரத்தையே காட்டும்படி, போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணையில் ஒரு சிறு திருத்தம் செய்தால் வழிக்கு வந்துவிடும்.

இவற்றையெல்லாம் தாண்டி, ஒலி வந்து, இணையம் வந்து, லாஜிக் ஓடிய பிறகு ஆப்பிள் மெனுவில் ‘தூக்கம்’ என்பதை அழுத்தினேன். திரை இருண்டது, விசிறிகள் நின்றன, இரண்டு மூன்று விநாடியில் எல்லாம் மறுபடி சுழலத் தொடங்கின. மறுபடி அழுத்தினாலும் அதே கதை.

டெர்மினலில் பிஎம்செட் என்ற கட்டளை கணினி எப்போது தூங்கியது, எப்போது, எதனால் எழுந்தது என்ற பதிவேட்டைக் காட்டும். என் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ஹெச்சி என்ற பெயர் வந்தது. யுஎஸ்பி கன்ட்ரோலரின் பெயர் அது. யுஎஸ்பி என்று தெரிந்ததும் விசைப்பலகை, மவுஸ், ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். அப்படியும் எழுந்தது. அப்படியானால் பிடுங்க முடியாத ஏதோ ஒன்று.

இங்கே யுஎஸ்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகளை மட்டுமே ஏற்கும். 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு யுஎஸ்பி சாதனம் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் முகவரியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பதினாறிலக்க முறையில் ஒரே ஓர் இலக்கம்தான் இடம். அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 15. ஆப்பிளின் ஐமேக்குக்கு அது தாராளம். இசட்390இல் யுஎஸ்பி 2 வகையில் 14, யுஎஸ்பி 3 வகையில் 10, தொலைநிர்வாகத்துக்கென்று 2, ஆக மொத்தம் 26. வெளியே கண்ணுக்குத் தெரியும் நீலநிறப் போர்ட் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் இரண்டு போர்ட்டுகள் என்பதால் எண்ணிக்கை இவ்வளவு வளர்கிறது.

பதினைந்து இலை போட்ட பந்தியில் இருபத்தாறு பேர் வந்து நின்றால் முதலில் வந்தவர்கள் உட்காருவார்கள். யுஎஸ்பி 2 போர்ட்டுகளின் எண் 1 முதல் 14 வரை. தொலைநிர்வாகத்துக்கு 15, 16. யுஎஸ்பி 3 வகை 17இல்தான் தொடங்குகிறது. எனவே அது முழுவதுமாக வெளியே நிற்கும். வேகமான பென்டிரைவைச் செருகினால் மெதுவாக ஓடும், அல்லது தெரியவே தெரியாது. இந்த எல்லையைத் தற்காலிகமாக உயர்த்த ஒரு திருட்டு வழி இருந்தது, 11.3 பிக் சர் பதிப்போடு அதுவும் அடைபட்டது. நமக்கு வேண்டிய 15ஐ நாமே தேர்ந்தெடுத்து வரைபடம் எழுதுவது ஒன்றே முறையான வழி.

அந்த வரைபடம் எழுதும் வேலை அலுப்பானது, ஆனால் இந்த முழுப் பொழுதுபோக்கிலும் எனக்குப் பிடித்தது அதுதான். பழைய யுஎஸ்பி 2 பென்டிரைவ் ஒன்று, யுஎஸ்பி 3 பென்டிரைவ் ஒன்று, ஒரு காகிதம். கேபினட்டின் பின்பக்கம், முன்பக்கம், மேற்பக்கம் என்று ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் செருகி, எந்தப் பெயர் ஒளிர்கிறது என்று குறிக்க வேண்டும். டைப்-சி என்றால் இரண்டு பக்கமும் திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற நிரலை விண்டோஸிலேயே ஓட்டி இதைச் செய்யலாம் என்பதால் 15 என்ற எல்லை குறுக்கே நிற்பதில்லை. போர்டின் கையேட்டில் இல்லாத விவரமெல்லாம் அந்தக் காகிதத்தில் சேரும்.

அப்படிச் சேர்ந்த விவரங்களில் ஒன்று எச்எஸ்12 என்ற போர்ட். எந்தத் துளையில் எதைச் செருகினாலும் அது அசையவில்லை. ஆனால் அதில் ஏற்கெனவே ஒரு சாதனம் உட்கார்ந்திருந்தது. வைஃபை கார்டோடு சேர்ந்து வந்த புளூடூத் அது. கார்டு பிசிஐ இடத்தில் இருந்தாலும் புளூடூத் மட்டும் ஒரு மெல்லிய கம்பி வழியாக மதர்போர்டின் உள் யுஎஸ்பி முனையில் சேர்கிறது. வெளியிலிருந்து பிடுங்க முடியாத சாதனம்!

போர்ட் வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் அது எந்த வகை இணைப்பு என்று ஓர் எண் தர வேண்டும். 0 என்றால் யுஎஸ்பி 2, 3 என்றால் யுஎஸ்பி 3, 255 என்றால் கேபினட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்தது. ஆப்பிளின் கணினிகளில் புளூடூத் எப்போதும் உள்ளே பதிந்ததுதான். என் கணினியில் அது சாதாரண வெளிப் போர்ட்டாக மேக்ஓஎஸ்ஸுக்குத் தெரிந்தது. தூங்கும்போது அதற்கு மின்சாரம் குறைந்ததும், யாரோ ஒரு சாதனத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எழுந்து பார்த்தது. அந்த ஓர் எண்ணை 255 என்று மாற்றினேன்.

மாற்றிய பிறகு எழுவது குறைந்தது, நிற்கவில்லை. விசைப்பலகை செருகியிருந்தால் இன்னமும் எழுந்தது. மிச்சமிருந்த காரணம் மதர்போர்டின் ஏசிபிஐ அட்டவணையில் இருந்தது. எந்தச் சாதனம் எந்த அளவு ஆழமான தூக்கத்திலிருந்து கணினியை எழுப்பலாம் என்று அந்த அட்டவணை சொல்லும். என் போர்டில் யுஎஸ்பி கன்ட்ரோலருக்கும் இணைய முனைக்கும் அந்த அனுமதி இருந்தது. விண்டோஸ் அதைப் பார்த்துவிட்டு, உண்மையான விசை அழுத்தம் வரும் வரை காத்திருக்கிறது. மேக்ஓஎஸ்ஸோ, அந்தச் சாதனம் மின்நிலை மாறும்போது எழும் சமிக்ஞையையே அழைப்பு மணியாக எடுத்துக்கொள்கிறது. ஜிபிஆர்டபிள்யூ என்ற அந்தச் செயல்கூறைத் திசைதிருப்பி, எழுப்பும் அனுமதியைப் பூஜ்யமாக்கும் திருத்தம் ஒன்று பலராலும் பயன்படுத்தப்படுகிறது. அதைச் சேர்த்ததும் கணினி தூங்கியது. விசைப்பலகையைத் தட்டினால் இனி எழாது, பவர் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு இது நியாயமான விலையாகத்தான் தோன்றுகிறது.

நள்ளிரவில் விசிறிச் சத்தம் கேட்பது இதற்கும் பிறகு வந்த கதை. பதிவேட்டில் இந்த முறை எக்ஸ்ஹெச்சி இல்லை, ஆர்டிசி இருந்தது. மின்னஞ்சல் பார்க்கவும் காப்புப்பிரதி எடுக்கவும் மேக்ஓஎஸ் தானே அலாரம் வைத்து அரைகுறையாக எழுந்துகொள்கிறது. இது கோளாறே இல்லை. உண்மையான ஐமேக்கும் இதைச் செய்யும், அதன் விசிறி நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். பவர்நாப் அமைப்பை அணைத்தால் போதும். பல பேர் இதையும் கோளாறு என்று நினைத்து, நன்றாக இருந்த வரைபடத்தைக் கலைத்துவிடுகிறார்கள். பதிவேட்டில் உள்ள காரணத்தைப் படிக்காமல் கையை வைக்கக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகைச் சிக்கலை ஒரு நண்பரின் கணினியில் பார்த்தேன். அது நன்றாகத் தூங்கும், நன்றாக எழும். பிறகு மறுதுவக்கம் செய்தால் பயாஸ் அமைப்புகள் அழிந்துவிட்டதாக மதர்போர்டு புலம்பும். செல் பேட்டரியை மாற்றியும் பயன் இல்லை. மேக்ஓஎஸ் தனக்கு வேண்டிய குறிப்புகளைக் கடிகாரச் சில்லின் சிறு நினைவகத்தில் எழுதி, அதன் சரிபார்ப்புத் தொகையையும் தானே மாற்றுகிறது. மதர்போர்டு தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, தொகை பொருந்தவில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. ஒரே சில்லின் மீது இரண்டு பேருக்கும் உரிமை. ஓப்பன்கோரில் அந்தத் தொகையை எழுதாமல் தடுக்கும் ஓர் அமைப்பை இயக்கியதும் புலம்பல் நின்றது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அடிக்கடி அழைப்பார். “அண்ணா, உங்கள் ஈஎஃப்ஐ ஃபோல்டரைக் கொஞ்சம் அனுப்புகிறீர்களா? நானும் இசட்390 போர்டுதான் வாங்கியிருக்கிறேன்.” ஓப்பன்கோர், வரைபடம், திருத்தங்கள் எல்லாம் இருப்பது அந்த ஃபோல்டரில்தான். நான் அனுப்புவதில்லை, அவருக்கு அதில் வருத்தம் உண்டு. போர்டின் மாடல் ஒன்றாகவே இருந்தாலும் பயாஸ் பதிப்பு மாறும், செருகியிருக்கும் கார்டு மாறும், என் புளூடூத் கம்பி இருக்கும் இடத்தில் அவருக்கு முன்பக்கப் போர்ட் இருக்கும். மற்றவர் எழுதிய வரைபடத்தோடு ஓடும் கணினியில் கோளாறு வந்தால் எந்தப் பொய்யை யார் எதற்காகச் சொன்னார் என்றே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் முடித்துத் தருவதாகச் சொன்ன பழைய நிறுவிகள் மீது எனக்குள்ள எரிச்சலும் இதுதான்.

2019இல் வெளிவந்த ஓப்பன்கோரும், டார்டானியா குழுவினர் எழுதிய வழிகாட்டியும் நல்லது செய்தன என்றால், ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எழுதி வைத்ததுதான் அந்த நல்லது. தம்பியின் கணினியில் திரை கறுப்பாகவே நின்றதற்குக் காரணம் அவர் வாங்கிய பழைய கார்டு. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற அந்த வகைக்குப் பெயர் 580 என்றாலும் சாதன எண் வேறு. மேக்ஓஎஸ் அந்த எண்ணை அறியாது. 580இன் எண்ணைக் கொடுத்துப் பொய் சொல்ல வைத்ததும் படம் வந்தது. என் ஃபோல்டரை அனுப்பியிருந்தால் அதில் அந்த வரி இருந்திருக்காது.

சரியாக ஓடும் கணினியைக் கெடுக்கப் புதிய பதிப்பு ஒன்று போதும். 2023இல் வந்த சோனோமாவில் பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான ஆதரவை ஆப்பிள் நீக்கிவிட்டது. தன் புதிய கணினிகளில் அவை இல்லை என்பதால் ஆப்பிளுக்கு அது நட்டம் இல்லை. ஹாக்கின்டாஷ்காரர்கள் தேடித் தேடி வாங்கியதே அந்தக் கார்டுகளைத்தான், எந்த டிரைவரும் இல்லாமல் ஓடும் என்பதால். லெகசி பேட்சர் என்ற கருவியால் ஆதரவைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். முத்திரையிட்ட கணினிப் பகுதியில் கை வைத்துவிட்டதால் அடுத்த அப்டேட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முழு நிறுவியையும் பதிவிறக்க வேண்டும். நான் சுவரோரமாக ஒரு லேன் கம்பியை இழுத்துவிட்டேன். கம்பியில்லாமல் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் போயிற்று, போகட்டும்.

இந்தக் கலைக்கு இறுதித் தேதியும் குறித்தாகிவிட்டது. 2020 ஜூனில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவித்தது. 2025இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளில் ஓடும் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு வருவது ஆப்பிள் சில்லுகளுக்கு மட்டும். டஹோவின் பட்டியலிலேயே என் கணினி வேடமிடும் 2019 ஐமேக் இல்லை. 2020 ஐமேக் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஏறலாம்தான். நான் அதற்கு முந்தைய பதிப்பான செக்கோயாவிலேயே நின்றுவிட்டேன்.

“அப்படியானால் இப்போது புதிதாகக் கட்டலாமா அண்ணா?” என்று தம்பி போன மாதம் கேட்டார். வேண்டாம் என்றேன். 2024 இறுதியில் 16 ஜிபி நினைவகத்தோடு வந்த எம்4 மேக் மினியின் இந்திய விலை 59,900 ரூபாயில் தொடங்கியது. மதர்போர்டு, செயலி, கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட் என்று கூட்டிப் பார்த்தால் கட்டுவதில் இனி மிச்சம் பிடிக்க முடியாது. “ஆனால் யுஎஸ்பி வரைபடம் எழுதும் ஆசை எனக்கு இன்னும் இருக்கிறதே” என்றார். அதற்கு என் பழைய இசட்390 இருக்கிறது. லாஜிக்கின் புதிய பதிப்பு செக்கோயாவை ஏற்காத நாளில் நான் மினி வாங்கிக்கொள்வேன், கேபினட்டை அவர் எடுத்துப்போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஈஎஃப்ஐ ஃபோல்டரை அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.